மணற்பெட்டி: பலகையா, டயரா, செங்கல்லா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிள்ளைகள் விளையாட மணற்பெட்டி கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் பலகைக் கடைக்குத்தான் போகிறார்கள். கையிலுள்ள பணத்தைப் பெட்டியின் சுற்றுச் சட்டத்துக்குக் கொட்டிவிட்டு, மிச்சக் காசில் கிடைத்த மணலை வாங்கிப் போடுகிறார்கள். மணலுக்கும் மூடிக்கும்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். சட்டம் எதுவானாலும் சமாளிக்கலாம்.

பலகை புதியவர்களுக்கு எளிது. நான்கு பலகை, நான்கு மூலைக்கட்டை, துருப்பிடிக்காத திருகாணி போதும். விளிம்பில் அகலப் பலகை பதித்தால் ஆயாவும் உட்கார்ந்துகொள்ளலாம். சிக்கல் மரத்தில் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் பச்சைச் சாயல் பைன், பெரும்பாலும் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த மருந்து ஏற்றியது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை 2003 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள்; இங்கே தாராளமாக விற்கிறது. மருந்தில்லாத பைனோ, ஈரமும் கரையானும் மிகுந்த நம் கரையோரத்தில் மண்ணைத் தொட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். ஆகவே மருந்தேற்றாத சலிக்னா (ஒரு வகை யூகலிப்டஸ்) பலகையை ஒரு வரிசைச் செங்கல்மேல் தூக்கி வைப்பதே என் தேர்வு. பச்சைப் பைன்தான் என்றால் உட்புறம் தடித்த பிளாஸ்டிக் தாள் அடியுங்கள். வெட்டிய துண்டுகளை ஒருபோதும் பிராய் அடுப்பில் (இறைச்சி சுடும் அடுப்பு) போடாதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

டிராக்டர் டயர் சிலசமயம் சும்மாவே கிடைக்கும். ஆனால் பிப்ரவரி வெயிலில் கறுப்பு ரப்பர் தொட முடியாதபடி சுடும். மேல்பக்கத்தை வெட்டி எடுக்காவிட்டால் உட்குழியில் நீர் தேங்கிக் கொசு வளர்க்கும். வெட்டினால் கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி போலச் சரிவான கொல்லை என்றால் செங்கல்தான். மழைநீர் மேட்டிலிருந்து இறங்கும்போது இலேசான சட்டம் நிற்காது. செலவும் உழைப்பும் கூடுதல். இடம் மாற்றவும் முடியாது. அடியில் மட்டும் சிமெண்ட் போட்டுவிடாதீர்கள். நீர் இறங்கும் துணியை விரித்தால் போதும்.

இனி மணல். 1.2 மீட்டர் சதுரத்தில் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 0.36 கன மீட்டர் வேண்டும். அது சுமார் 580 கிலோ, அதாவது 40 கிலோ மூட்டையில் பதினைந்து. பக்கி எனும் சிறு சரக்கு வண்டியில் மொத்தமாக இறக்குவது மலிவு. பூச்சு மணல் விலை குறைவுதான், ஆனால் களிமண் கலந்தது. சட்டை முழுக்கச் சிவப்புக் கறை. கல்லுடைத்த தூள் வேண்டவே வேண்டாம், அதன் நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது. கடற்கரை மணலை அனுமதியில்லாமல் அள்ளக்கூடாது. கழுவிய ஆற்று மணலே சரி. வாங்கும்முன் ஒரு கைப்பிடியை ஜாம் புட்டியில் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். மேல்நீர் தேநீர் போலக் கலங்கியே இருந்தால் வேறு கடை பாருங்கள்.

மூடி இல்லாத மணற்பெட்டி அக்கம்பக்கத்துப் பூனைகளுக்குக் கழிப்பறை. பூனை, நாய்க் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழுக் குஞ்சு தோலுக்குள் நெளிந்து சிவப்புக் கோடு போடுவதைத்தான் இங்கே சாண்ட்வார்ம் என்கிறார்கள். தார்ப்பாய் பூனையைத் தடுக்கும். ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மழையில் அதன்மேல் குளம் கட்டும், அடியில் மணல் புழுங்கி நாறும். கீல் வைத்த மரமூடி அழகானது, பிஞ்சு விரல்களுக்கு ஆபத்தானது. நிழல்வலையை நான்கு பக்கமும் கொக்கியில் இழுத்து மாட்டுவது இரண்டையும்விட மேல்: காற்று போகும், நீர் இறங்கும், பூனைக்கு வழியில்லை. மழை விட்டதும் வலையைச் சுருட்டி, மணலைக் கிளறி வெயில் காட்டிய பிறகு பிள்ளைகளை இறக்குங்கள்.