"எஞ்சின் முடிஞ்சிருச்சு" என்றால் உடனே கழற்ற விடாதீர்கள்: பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு

நுவரெலியா மாவட்டத்தில் மிட்சுபிஷியின் 4டீஆர்5 டீசல் எஞ்சின் போட்ட பழைய ஜீப்பை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். எஞ்சின் "ஃபுல் ரிப்பேர்" என்று சொல்லி எங்களிடம் ரூ. 385,000 வாங்கினார்கள். அந்த வேலையில் பாதி நடக்கவே இல்லை. போதாததற்கு ஜீப்பிலிருந்த நல்ல டீசல் பம்ப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு, தேய்ந்துபோன வேறொன்றை மாட்டி அனுப்பிவிட்டார்கள். கராஜின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு எழுத்தில் கொடுத்தாயிற்று, அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் விசாரித்த இடத்திலெல்லாம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா அந்த ஜீப்பை வாங்கும்போதே அது பழசு. 2659 சிசி டீசல் எஞ்சின், நாலு சக்கரமும் இழுக்கும், லோ கியர் உண்டு. மிட்சுபிஷி இந்த ஜீப் செய்வதை 1998இலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் கந்தப்பளை, இராகலைப் பக்கம் தோட்டங்களின் மேல் டிவிசன்களுக்கு ஏறுகிற கல் ரோட்டில் இன்றைக்கும் இதுதான் ஓடுகிறது. மழை பிடித்தால் வேன் ஏறாது, ஆட்டோ பாதியிலேயே நின்றுவிடும். லீக்ஸ், கரட் மூட்டைகளைக் கீழே இறக்குவதும், உரத்தை மேலே ஏற்றுவதும், ராத்திரியில் லயத்து வீடுகளில் யாருக்காவது வலி கண்டால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் இந்த ஜீப்பில்தான்.

இதை விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் 200 ரூபாய் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்தபோது வந்த வரியைக் கேட்டால் தோட்டப்புறத்தில் யாருக்கும் மூச்சு வராது. இருப்பதைச் செப்பனிட்டு ஓட்டுவதுதான் வழி. கராஜ்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

எங்கள் ஜீப்பில் இருந்த குறை ஒன்றே ஒன்று. சுமையோடு ஏற்றத்தில் ஏறினால் சூட்டு ஊசி மேலே போகும். சமதரையில் ஒன்றும் இல்லை. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை, வெள்ளைப் புகை இல்லை. காட்டலாம் என்று டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். முதலாளி பொனட்டைத் திறந்தார், எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் மூடியைத் தூக்கி உள்ளங்கையை வைத்தார்.

"தம்பி, எஞ்சின் முடிஞ்சிருச்சு. ஹெட்டும் போச்சு, லைனரும் போச்சு. இப்படியே ஓட்டுனீங்கன்னா நடு மலையில நிக்கும்."

"கம்ப்ரஷன் வச்சுப் பாக்கலாமாண்ணே?"

"அதெல்லாம் எதுக்குத் தம்பி, எனக்கு சத்தம் கேட்டாலே போதும்."

கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் உண்டாகிற அழுத்தம், அதை அளந்தால் எஞ்சின் தேய்ந்ததா என்று தெரியும். எவ்வளவு ஆகும் என்று எழுதித் தாருங்கள் என்றோம். கழற்றினால்தான் தெரியும் என்றார். யோசித்துச் சொல்கிறோம், அதுவரை கை வைக்க வேண்டாம் என்று அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். மறுநாள் போனால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றித் தரையில் வைத்திருக்கிறார்கள். மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கழற்றிப்போட்ட வண்டியை வேறு கராஜுக்குக் கொண்டுபோக லொறி பிடிக்க வேண்டும், கழற்றிய கூலியும் கொடுக்க வேண்டும், எந்தச் சாமான் எங்கே போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை.

பிறகு போன் மேல் போன் வந்தது. லைனர் (சிலிண்டரின் உள் உறை) செட், பிஸ்டன் ரிங், மெட்டல் (பேரிங்), வால்வ், பம்ப் காலிபரேஷன் (டீசல் அளவைச் சரிசெய்வது), பிரேக் வேலை. எல்லாம் கொழும்பில் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து வருகிறது, நாளைக்கு விலை ஏறிவிடும், இன்றைக்கே காசு போடுங்கள் என்பார்கள். கடை பில் கேட்டால் கராஜ் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்கள். பழைய சாமான்களைக் கேட்டோம். ஓர் உரப் பையில் போட்டுக் கொடுத்தார்கள், அதில் தேய்ந்த லைனர் நான்கும் இருந்தன. பார்க்கிறவனுக்கு வேலை நடந்திருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஜீப் வீட்டுக்கு வந்தது. காலைக் குளிரில் முன்பைவிட ஸ்டார்ட் ஆவது கஷ்டம், புகை அதிகம், இழுவை குறைவு. ஏற்றத்தில் ஊசி பழையபடியே மேலே போனது. "புது எஞ்சின் தம்பி, செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார் கராஜ் முதலாளி. கொஞ்ச நாளில் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

வெலிமடைப் பக்கம் வயதான பாஸ் (மெக்கானிக்) ஒருவர் இருக்கிறார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், இந்த ஜீப்புகளோடே ஆயுளைக் கழித்தவர். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. எஞ்சின் சூடானதும் நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் கையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். "இங்க கை வை மகன்" என்றார். மேல்பக்கம் கொதிக்கிறது, கீழே ஒரு மூலை முழுக்கச் சில்லென்று இருக்கிறது. உள்ளே குழாய்கள் அடைத்துப்போய் அந்தப் பக்கத்தில் தண்ணீரே ஓடவில்லை. விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூடும் எங்கள் ஜீப்பில் இல்லை. மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்று கிடைக்காது, அந்தக் கூடு இருந்தால்தான் விசிறி ரேடியேட்டர் முழுவதற்கும் காற்றை இழுக்கும். ஏற்றத்தில் மட்டும் சூடாவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

பிறகு எஞ்சின் மவுண்ட் நட்டுகளைக் காட்டினார். பழைய துருவும் சேறும் அப்படியே இருந்தன, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. லைனர் மாற்ற பிளாக்கை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோய், அழுத்தி ஏற்றி, உள்ளே கடைந்து எடுக்க வேண்டும். எஞ்சினை இறக்காமல் அது எப்படி நடந்தது? எங்கள் கண் முன்னால் ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் ஒரு படியில் தட்டி நின்றது. ரிங் ஏறி இறங்கித் தேய்த்த இடத்துக்கும் அது தொடாத இடத்துக்கும் நடுவில் வருஷக்கணக்கில் உண்டாகிற படி அது. புது லைனரில் அது இருக்காது, குறுக்கும் நெடுக்குமாகக் கடைந்த கோடுகள்தான் இருக்கும். உரப் பையில் தந்த லைனர்கள் வேறு யாருடைய எஞ்சினிலிருந்தோ வந்தவை.

பம்ப்பை அப்பா கண்டுபிடித்தார். சில வருஷங்களுக்கு முன் காலிபரேஷன் செய்த பில்லைப் பத்திரமாக வைத்திருந்தார், அதில் பம்ப் நம்பர் இருந்தது. இப்போது ஜீப்பில் இருப்பதில் நம்பர் தகடே இல்லை, சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது பிரேக் விஷயம். பின் சக்கர டிரம்மைக் கழற்றியபோது பிரேக் ஷூ முழுக்க கியர் எண்ணெய். அச்சு சீல் ஒழுகியிருக்கிறது. சீலை மாற்றாமல் ஷூவைக் கழுவித் திரும்ப மாட்டிவிட்டு, புது ஷூவுக்குப் பில் போட்டிருக்கிறார்கள். மூட்டைக்கு மேல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வருகிற வண்டி இது. லைனர் பொய்யை ஒரு பக்கம் வைத்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரேடியேட்டர் பழைய பித்தளை என்பதால் தப்பித்தோம். கடையில் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு அழுக்கெடுத்து, திரும்ப ஈயம் பற்றவைத்துத் தந்தார்கள். தகரக் கூட்டைப் பாஸே வெட்டி அடித்தார். சீல், ஷூ எல்லாம் சேர்த்தும் முதல் கராஜுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதே ஏற்றத்தில் அதே சுமையோடு ஏறினோம், ஊசி பாதியோடு நின்றது. பம்ப் மட்டும் இன்னும் சரியில்லை.

ஜீப் சூடானால் கராஜுக்குப் போகுமுன் நீங்களே சிலதைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் நிற்காமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். எண்ணெய்க் கம்பியில் பால்டீ நிறம் தெரிந்தாலும் அப்படித்தான். இரண்டும் இல்லையென்றால் ஃபேன் பெல்ட், தேர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று மலிவானதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்க அதிக நேரம் எடுக்காது. அதைப் பார்க்க மறுக்கிறவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள், சாவியையும் கொடுக்காதீர்கள்.

பம்ப், ஸ்டார்ட்டர், டைனமோ எல்லாவற்றின் நம்பரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், கராஜில் அவர்கள் பார்க்கிறபோதே எடுங்கள். சாமானை நீங்களே போய் வாங்குங்கள். பஞ்சிகாவத்தைக்குப் போய்வர பஸ் காசு ஒன்றும் பெரிதில்லை. லைனர் போட்டோம் என்றால் லேத் பில்லைக் கேளுங்கள்.

பற்றுச்சீட்டு கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது இருக்கிறது. அந்த அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், வேலை செய்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் வாங்க, பாத்துத் தர்றேன்" என்று அவர்கள் இழுப்பது அந்தக் காலம் கடந்துபோவதற்குத்தான். சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். கராஜ் எழுதித் தந்த துண்டுச்சீட்டு, போன் மெசேஜ், காசு போட்ட பேங்க் சீட்டு எதையும் எறியாதீர்கள்.

தகடு சுரண்டிய 4டீஆர்5 பம்ப்பை யாராவது மலிவாகத் தருகிறேன் என்று வந்தால் வாங்கிவிடாதீர்கள். நம்பர் தகடோடு வந்தால் அந்த நம்பரைக் குறித்து எங்களுக்குச் சொல்லுங்கள். அப்பாவின் பழைய பில் கையில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.