சிறு பள்ளியில் பெற்றோரின் இடம்: கேட் வரையா, அடுக்களை வரையா?

மொத்தமே எண்பது, தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறு தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கட்டணத்தைச் சொல்வதற்கு முன்பே, "மாதத்தில் ஒரு சனிக்கிழமை பள்ளி வேலைக்கு வர முடியுமா?" என்று கேட்பார்கள். வேறு சில இடங்களில், "காலையில் கேட்டில் விட்டுவிடுங்கள், சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்ளுங்கள், நடுவில் உள்ளதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். என் மகள் ஐந்து ஆண்டுகள் இரண்டாவது வகைப் பள்ளியில் படித்தாள். மகன் இப்போது முதல் வகைப் பள்ளியில் நான்காம் வகுப்பில் இருக்கிறான். சேர்க்கைக்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேட்டோடு நிறுத்தும் பள்ளியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு நம் ஊரில் நல்ல பெயர் கிடையாது. பெற்றோரை உள்ளே விடாத பள்ளி எதையோ மறைக்கிறது என்று சட்டென்று முடிவுகட்டிவிடுகிறோம். அது சரியில்லை. இங்கிலாந்தின் லெய்ஸ்டனில் இருக்கும் சம்மர்ஹில் 1921இல் தொடங்கிய உறைவிடப் பள்ளி. பள்ளியின் அன்றாட விதிகளைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூடும் கூட்டம் தீர்மானிக்கிறது. அங்கே சின்னப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஒரே மதிப்புள்ள ஓட்டு. பெற்றோருக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1968இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியிலும் பகல் முழுக்கப் பிள்ளைகளின் ராஜ்ஜியம்தான். அம்மா அப்பாவின் கண் படாத ஓர் இடம் பிள்ளைக்கு வேண்டும் என்பதுதான் இந்தப் பள்ளிகளின் எண்ணம்.

அதில் உண்மை இருக்கிறது, என் மகளிடம் பார்த்தேன். வீட்டில் நான் கூடவே நின்று ஊட்டிவிட்ட பிள்ளை, பள்ளியில் தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவி, சின்னப் பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுகிறாள் என்று அவள் ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் அங்கே இருந்திருந்தால் அவள் கையிலிருந்து பாக்ஸை வாங்கியிருப்பேன். ஆசிரியருக்கும் இதில் நிம்மதி. ஒரு பாடத்தை ஒரு வாரம் இழுத்துச் சொல்லித்தருவதா, இரண்டு பிள்ளைகளின் சண்டையை அவர்களே தீர்த்துக்கொள்ள விடுவதா என்பதையெல்லாம் யாருடைய முகத்தையும் பார்க்காமல் முடிவு செய்யலாம்.

ஆனால் சட்பரி வேலியில் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பெருங்கூட்டத்தில் பெற்றோருக்கும் ஓட்டு உண்டு. பட்ஜெட்டும் கட்டணமும் அங்கேதான் முடிவாகின்றன. பகலில் கேட்டை மூடுகிறார்கள், கணக்கை மூடுவதில்லை. நம் ஊரில் நான் பார்த்தது அப்படி இல்லை. மகளின் மூன்றாம் வகுப்பில் ஒரே ஆண்டில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். எங்களுக்கு ஒரு வரித் தகவல்கூட வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மகள், "அம்மா, புது மிஸ்ஸுக்கு எங்க பேரே தெரியல" என்று சொன்னபோதுதான் தெரிந்தது. மற்ற பெற்றோரிடம் கேட்கலாம் என்றால், ஐந்து ஆண்டுகளில் எனக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர், அதுவும் ஆட்டோ நிற்கும் இடத்தில். இந்த வகைப் பள்ளியில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுதான். பெற்றோர் பள்ளியைத் தெரிந்துகொள்ளாததைவிட, ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளாமலே போய்விடுகிறார்கள். மகளுக்கு டைஃபாய்டு வந்து மூன்று வாரம் படுத்திருந்தபோது, வீட்டுப்பாடம் கேட்க எனக்கு ஓர் எண்கூட இல்லை.

அப்புறம், உள்ளே கூப்பிடும் பள்ளி.

இதை ஏதோ புதுமை மாதிரி சொல்கிறார்கள். நமக்கு இது பழகின சங்கதி. ஏரிக்கு மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் போய் மண் எடுத்த குடிமராமத்து இருந்தது. ஒண்டிக்குடித்தன வீடுகளில் இன்றைக்கும் முறைவாசல் இருக்கிறது: இந்த வாரம் வாசல் தெளிப்பது யார், அடுத்த வாரம் யார் என்று யாரும் நினைவூட்டாமலே நடக்கும். காமராஜர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்க்காரர்களே பள்ளிக்குப் பெஞ்சும் கட்டடமும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வெளிநாடுகளில் இதை ஒரு முழு அமைப்பாகவே வளர்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் கிறிஸ்டன் கோல்ட் என்ற ஆசிரியர் 1852இல் டால்பி கிராமத்தில் தொடங்கிய சின்னப் பள்ளியிலிருந்து கிளைத்தவை அங்கே உள்ள சுதந்திரப் பள்ளிகள். 1855இல் அதற்கெனச் சட்டமே வந்துவிட்டது. அந்த நாட்டில் கல்விதான் கட்டாயம், பள்ளிக்கூடம் கட்டாயம் இல்லை. பள்ளியை நடத்தும் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். கற்பித்தல் தரத்தைப் பார்வையிட வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்ளும் பள்ளிகளில், அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதும் பெற்றோர்தான். செலவில் பெரும்பகுதியை அரசு தருகிறது. மீதியைக் கட்டணத்தால் சமாளிக்க வேண்டும் என்பதால், சுவருக்கு வண்ணம் அடிப்பதும் தோட்டத்தைச் சீர்செய்வதும் பல பள்ளிகளில் பெற்றோர் கையில். நியூசிலாந்தில் 1941இல் வெலிங்டனின் கரோரியில் தொடங்கிய பிளேசென்டர் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதே பெற்றோர்தான், முறை வைத்து. அதற்கு அவர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள்.

மகன் படிக்கும் பள்ளியில் இவ்வளவு தூரம் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம், நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை. வாரத்தில் ஒருநாள் இரண்டு பெற்றோர் அடுக்களையில் காய் நறுக்கிக் கொடுக்க வேண்டும். முதல் முறை போனபோது ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை உரித்துவிட்டு, கண்ணீரோடு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் பிளம்பர், என் மகனின் நண்பனுடைய அப்பா. அன்று பேச ஆரம்பித்ததுதான், இன்றைக்கு நான் ஊரில் இல்லாத நாளில் என் மகன் சாப்பிடுவது அவர்கள் வீட்டில்.

பிள்ளைகளுக்கு இதில் கிடைப்பது வேறு. தன் அப்பா பள்ளியில் அண்டா கழுவுவதை என் மகன் பார்த்தான். வீட்டில் அதைப் பார்த்ததில்லை என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பாட்டி வந்து பல்லாங்குழியில் கணக்கு போட்டுக் காட்டினார். தச்சு வேலை செய்யும் ஒருவர் அளவுகோல் இல்லாமல் சாண் வைத்து ஸ்டூல் செய்தார். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சாணால் அளந்தார்கள். பணம் கொடுத்து இப்படி ஒருவரைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம், ஆனால் அவர் இன்னாருடைய அப்பா என்ற பெருமையை எங்கிருந்து கொண்டுவருவது?

சரி, இதன் சுமை யார் தலையில் விழுகிறது? நான் போன சனிக்கிழமைகளில் பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் அம்மாக்கள். "பெற்றோர்" என்று சுற்றறிக்கையில் எழுதினாலும் வீட்டில் அது "நீ போயிட்டு வா" என்றுதான் முடிகிறது. நியூசிலாந்திலும் பெண்கள் அதிகமாக வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு பிளேசென்டர்களுக்கு ஆள் குறைந்தது. இதைவிட எனக்கு உறுத்துவது கூலி விஷயம். கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாகத் தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். அப்படி வந்த ஒரு பிள்ளையின் அம்மா சித்தாள் வேலை பார்ப்பவர். அவருக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். அவர் பள்ளிக்கு வந்தால் எனக்குப் போவது தூக்கம், அவருக்குப் போவது அன்றைய கூலி. இரண்டையும் ஒரே வருகைப் பதிவேட்டில் எழுதக் கூடாது.

வேலைக்கு வராதவர்கள் பணம் கட்டவேண்டும் என்று விதி வைத்திருக்கும் பள்ளிகளையும் நான் போய்ப் பார்த்தேன். அது எனக்குச் சம்மதமில்லை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழுவே இருக்கிறது. அதற்கு மேல் வேறு பெயரில் வாங்குவது சரியல்ல. அதேபோல, "எங்கள் கொள்கைக்கு ஒத்துவரும் குடும்பமா என்று பார்க்கிறோம்" என்று சேர்க்கைக்கு முன் பெற்றோரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதும். பிள்ளையையோ பெற்றோரையோ இப்படிச் சலித்து எடுப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நல்ல நோக்கத்தோடு செய்கிறோம் என்று பள்ளி சொல்லலாம். சித்தாள் அம்மா அந்த நாற்காலியில் என்ன பதில் சொல்லித் தேறுவார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே கூப்பிடும் பள்ளியின் இன்னொரு ஆபத்து, உள்ளே போனவர்களின் கண். காய் நறுக்கப் போன இடத்தில் ஜன்னல் வழியாக வகுப்பு தெரியும். "அந்தப் பொண்ணு இன்னும் எழுத்துக் கூட்டவே இல்லையாமே" என்று சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டார். அந்தப் பெண்ணின் அம்மாவும் அதே குழுவில் இருந்தார். அந்தக் குடும்பம் அந்த ஆண்டோடு விலகிவிட்டது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒரு குடும்பம் போனால் யாருக்கும் தெரியாது. எண்பது பேர் இருக்கும் இடத்தில், அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த பாய் காலியாகக் கிடப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு பள்ளி ஒரு விதி கொண்டுவந்தது: வேலைக்கு வரும் பெற்றோர் தன் பிள்ளையின் வகுப்புப் பக்கம் போகக் கூடாது, வேறு எந்தப் பிள்ளையைப் பற்றியும் வெளியே பேசக் கூடாது. தாமதமாக வந்தாலும் நல்ல விதி.

முடிவெடுப்பதில்? இங்கே நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டேன். இரண்டு பள்ளிகளிலும் எனக்கு ஓட்டு இல்லை. உழைப்பைக் கேட்கும் பள்ளியும் பட்ஜெட்டைக் காட்டுவதில்லை. ஆனால் எங்கள் தெருக்கோடி அரசுப் பள்ளியில், பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒரு அம்மா பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவராக இருக்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் மறுகட்டமைப்பு செய்தபோது 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் எழுதுவதும், பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அவர்கள் வேலை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. ஆண்டுக்குப் பல ஆயிரம் கட்டும் எனக்கு இல்லாத உரிமை, கட்டணமே கட்டாத அந்த அம்மாவுக்குச் சட்டப்படி இருக்கிறது. எல்லா ஊரிலும் அந்தக் குழு உயிரோடு இயங்குகிறதா என்பது வேறு. ஆனால் சிறு தனியார் பள்ளிகள் "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா நினைவுக்கு வருகிறார். குடும்பம் என்றால் வரவு செலவும் தெரிய வேண்டும்.

இரண்டில் எது என்று கேட்டால், நான் உள்ளே கூப்பிடும் பள்ளியின் பக்கம்தான். வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும், அதாவது நாங்கள் செய்யாவிட்டால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தாமதமாகும் என்கிற அளவுக்கு. ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டவும் ஸ்டால் போட்டுப் பணம் திரட்டவும் மட்டும் கூப்பிடும் பள்ளியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கணவன் மனைவி இருவரும் ஷிஃப்டில் வேலை பார்க்கிற வீடு என்றால், அல்லது நீங்களே தனியாகப் பிள்ளையை வளர்க்கிறீர்கள் என்றால், கேட்டோடு நிறுத்தும் பள்ளியைக் கூச்சப்படாமல் தேர்ந்தெடுங்கள். உங்கள் பிள்ளைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. ஆனால் ஆசிரியர் மாறினால் எழுத்தில் சொல்வார்களா, ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கைக் காட்டுவார்களா, வகுப்புப் பெற்றோரின் எண்களைத் தருவார்களா என்று சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

எந்த வகையானாலும் இன்னொன்றையும் கேளுங்கள். போன ஆண்டு விலகிப்போன ஒரு குடும்பத்திடம் பேச விரும்புகிறேன், அவர்களிடம் கேட்டு எண் தர முடியுமா என்று. நான் கேட்ட ஐந்து பள்ளிகளில் மூன்றில் பேச்சை மாற்றினார்கள். ஒன்றில் அந்தக் குடும்பத்தைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். மகன் படிக்கும் பள்ளியில் மறுநாளே எண் வந்தது. கூப்பிட்டபோது எடுத்தவர் அந்தப் பள்ளியில் தனக்குப் பிடிக்காததை அரை மணி நேரம் பேசினார். கடைசியில், "சனிக்கிழமை போனீங்கன்னா பின்னாடி இருக்கிற முருங்கை மரத்துக்குத் தண்ணி ஊத்துங்க, அது எங்க பையன் வெச்சது" என்றார்.