மேலாளர்களுக்கான முதலீட்டுப் பயிற்சி: எக்செல் தாளுக்காக வாங்கலாம்

அடுத்தவர் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரித்துக் கொடுக்கும் மேலாளர்கள், தாங்களே ஒரு சொத்து வாங்கி முதலீட்டாளர் ஆவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோப் பயிற்சி இது. ஊரார் வீட்டுச் சாவிக்கொத்துகளோடு நாள் முழுக்க அலைகிற எனக்கு அந்தத் தலைப்பே போதுமானதாக இருந்தது. பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். இதே மாதிரி பயிற்சிகள் நாலைந்து உலவுகின்றன. அதனால் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் எது உருப்படியான சரக்கு, எது வாய்ச்சவடால் என்று பிரித்துச் சொன்னால் மற்றவற்றை எடைபோடவும் உதவும்.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். செலவுக் கணக்குப் பகுதியும் அதோடு தரும் எக்செல் தாளும் அருமை. ஆண்டு வாடகையை மேலே போட்டால் காலியாகக் கிடக்கும் காலம், சொத்து வரி, காப்பீடு, சில்லறை ரிப்பேர், மேல்தளம், லிஃப்ட் போன்ற பெரிய வேலைகளுக்கான ஒதுக்கீடு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகிறது. எனக்கு மிகவும் பிடித்தது மேலாண்மைக் கட்டணம் என்ற வரி. அதில் பூஜ்யம் போட முடியாது, தாள் ஏற்றுக்கொள்ளாது. ‘வீட்டை நானே பார்த்துக்கொள்வேனே, எனக்கு எதற்குக் கட்டணம்?’ என்றுதான் நம்மில் எல்லாரும் நினைப்போம். நாளைக்கு நாம் படுத்துவிட்டால் அந்த வேலைக்கு இன்னொருவருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். விற்கும்போதும் வாங்குபவர் அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேசுவார் என்று ஆசிரியர் இரண்டே வாக்கியத்தில் முடிக்கிறார். சரியான பேச்சு. நம் உழைப்பை இலவசமாகப் போட்டுவிட்டு அதை லாபம் என்று சொல்லிக்கொள்வது முதலீடே இல்லை.

வாடகை உயர்வு பற்றிய பயிற்சிக் கணக்கும் நன்று. மாத வாடகை 100 என்று வையுங்கள். 5 சதவீதம் ஏற்றியதால் குடியிருப்பவர் கிளம்பி வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், 11 மாதத்துக்கு 1,155 வரும். ஏற்றாமல் விட்டிருந்தால் 1,200. பெயின்ட் செலவும் ஆள் பிடிக்கும் செலவும் இதில் சேரவே இல்லை. ஓனர்களிடம் நான் வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன விஷயத்தை ஒரே தாளில் காட்டிவிட்டார்.

வீட்டை ஆய்வு செய்யும் பகுதி இன்னும் நீளமாக இருந்திருக்கலாம். ஆனால் இருப்பது உண்மையான வேலை தெரிந்தவர் பேசுவது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்க்கச் சொல்கிறார். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. கழிப்பறைத் தொட்டியில் சில சொட்டு வண்ணம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் சற்று நேரம் காத்திருந்து, கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் உள்ளே வால்வு போய்விட்டது. கூரையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பளிச்சென்று தெரிந்தால் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறார். விற்பவர் நீட்டும் வாடகைப் பட்டியலை நம்பாதே, வங்கிக் கணக்கில் வரவு விழுந்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பார் என்கிறார். அட்வான்ஸ் தொகை யார் கையில் இருக்கிறது, கைமாறும்போது அது யாரிடம் போகும் என்பதையும் கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டார்.

கடன் பகுதியில்தான் சறுக்கல். தாளில் வட்டி 4 சதவீதம், தவணை 30 ஆண்டு என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறார்கள். சொத்தின் விலை 100, எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு 6 மிச்சம், கடன் 80 என்று வைத்துக்கொள்வோம். அவர் எண்களின்படி ஆண்டுத் தவணை சுமார் 4.6, கையில் 1.4 நிற்கிறது, எல்லாம் ஜோர். அதே சொத்துக்கு 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று மாற்றிப் பாருங்கள். தவணை 8-ஐத் தாண்டிவிடுகிறது. அதாவது வருடாவருடம் 2 நம் பையிலிருந்து போக வேண்டும். வீடு அதேதான், குடியிருப்பவரும் அவரேதான். இந்த ஒப்பீட்டைக் காட்டாமல் ‘கடன்தான் உங்கள் நண்பன்’ என்று அரை மணி நேரம் பேசுவது பொறுப்பில்லாத வேலை.

அதைவிட என்னைக் கடுப்பேற்றியது சொத்து தேடும் பகுதி. எந்த ஓனர் சலித்துப்போயிருக்கிறார், யாருக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்பதெல்லாம் மேலாளருக்குத் தெரியும். அந்தத் தகவலை வைத்து மலிவாக வாங்கு என்கிறார். அப்புறம் நம்மை நம்பிச் சாவி கொடுத்தவருக்கு நாம் யார்? நாம் வேலை பார்ப்பது அவருக்காக. அவருடைய சொத்தை நாமே வாங்குவதென்றால், வாங்குவது நான்தான் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். விலையை நமக்குச் சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளர் சொல்லட்டும். வேறு யாராவது கேட்டு வந்தால் அதையும் மறைக்கக் கூடாது. இதில் ஒன்றுகூடப் பயிற்சியில் இல்லை.

மாதாந்திரக் கேள்வி நேரத்தில் ஒருவர், நான் பராமரிக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டையே வாங்கலாமா என்று கேட்டார். ‘தாராளமாக’ என்று ஒற்றை வார்த்தையில் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார் ஆசிரியர். சரி, இரண்டு வீடும் ஒரே நேரத்தில் காலியாகி, வீடு கேட்டு ஒரு போன் வந்தால் எதை முதலில் காட்டுவது? ஓனர்களின் வேலையை நிறையக் கொடுப்பதால் பிளம்பர் எனக்குக் குறைத்து வாங்கும் கூலி யாருக்குச் சேர வேண்டிய சலுகை? முதல் வீடு வாங்கும் மேலாளர் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் கேள்விகள் இவை. வாடகைப் பணத்தையும் சொந்தப் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு ஸ்லைடு. பல இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிறர் சொத்தைப் பராமரிக்கவே உரிமம் வேண்டும். அதுவும் பேச்சுவாக்கில் கடந்துபோகிறது.

வீடியோவின் ஒலி தெளிவு, பேச்சு நிதானம். ஊக்க உரைகளை ஓட்டிவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க இரண்டு வாரம் அவகாசம் தருகிறார்கள். சேருவதென்றால் அதற்குள் செலவுப் பகுதியையும் ஆய்வுப் பகுதியையும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு நீங்கள் பராமரிக்கும் ஒரு வீட்டின் நிஜ எண்களை, ஓனர் பெயரையும் விலாசத்தையும் எடுத்துவிட்டு, அந்தத் தாளில் போட்டுப் பாருங்கள். வட்டிக் கட்டத்தில் இருக்கும் 4-ஐ அழித்துவிட்டு உங்கள் வங்கி சொல்லும் எண்ணைப் போடுங்கள்.