ஐரிஷ் பப்பில் மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க: 144 யூரோ பில் 215 ஆன கதை

ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வேலைக்கு வந்திருக்கும் தமிழர்கள், முக்கியமாகப் புதிதாக வந்தவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இங்குள்ள ஒரு ஐரிஷ் பப்பில், 144 யூரோ வரவேண்டிய எங்கள் மேஜைக்கு 215 யூரோ 42 சென்ட் வாங்கிவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பப்பின் பெயரை எழுதவில்லை. எப்படி வாங்கினார்கள் என்பதை மட்டும் வரிக்கு வரி சொல்கிறேன். இதே வேலையை வேறு ஊரில், வேறு பெயர்ப்பலகையின் கீழும் செய்ய முடியும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஏன் ஐரிஷ் பப்பைத் தேடிப் போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆங்கிலத்தில் பேசலாம். கிரிக்கெட் போடச் சொன்னால் ஏதாவது ஒரு டிவியில் போடுவார்கள். மெனுவில் ஒரு கறியாவது இருக்கும். ஆபீஸில் இருக்கும் இங்கிலாந்துக்காரர், போலந்துக்காரர், நாம் என்று எல்லோருக்கும் ஒத்துவரும் இடம். தெருமுனை ஜெர்மன் பாரில் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். எங்கே உட்காருவது, யாரிடம் கேட்பது என்று புரியாது. அதனால் "ஐரிஷ் பப்புக்கே போயிடலாம்" என்று முடிவாகிவிடும்.

அந்த மர கவுன்டரும் பழைய கண்ணாடியும் சுவரில் மாட்டிய படங்களும் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. 1990களிலிருந்து பப்பின் உள்ளலங்காரம் மொத்தத்தையும் அயர்லாந்திலேயே செய்து, கன்டெய்னரில் ஏற்றி, உலகம் முழுக்க அனுப்பிப் பொருத்திக் கொடுக்கும் தொழில் இருக்கிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை. நன்றாக நடத்தப்படும் ஐரிஷ் பப்கள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. ஆனால் பார்த்துப் பழகிய மாதிரி இருக்கும் இடத்தில் யாரும் விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை, பில்லைப் படிப்பதில்லை. எங்களுக்கு நடந்தது முழுக்க அந்த நம்பிக்கையின் மேல்தான் நடந்தது.

ஊரிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். இந்தியா ஆடும் மேட்ச், சனிக்கிழமை. ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து மொத்தம் ஐந்து பேர். ஆளுக்கு மூன்று பைன்ட் பீர், சாப்பிட மூன்று தட்டு. கவுன்டருக்கு மேலே இருந்த பலகையில் பைன்ட் 6.80 என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. தட்டு ஒவ்வொன்றும் 14 யூரோ. பதினைந்து பைன்டுக்கு 102, சாப்பாட்டுக்கு 42, ஆக 144. இதற்கு மேல் டிப்ஸ் எவ்வளவு என்பது நம் விருப்பம்.

மேட்ச் முடிந்து கூட்டம் கிளம்பும் நேரத்தில் வெயிட்டர் கையில் கார்டு மெஷினோடு வந்தார். பேப்பர் எதுவும் இல்லை. ஒரு தொகையை வேகமாகச் சொன்னார். நான் பர்ஸை எடுப்பதற்குள் மச்சான், "மாப்பிள்ளை, விடுங்க, இன்னைக்கு நான்தான்" என்று தன் இந்திய கார்டை நீட்டிவிட்டார். மெஷின் திரையில் இரண்டு தொகை வந்தது. மேலே பெரிதாக ரூபாயில், கீழே சின்னதாக யூரோவில். மச்சான் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்ப்பதற்குள், வெயிட்டர் தன் கட்டைவிரலால் மேலே இருந்த ரூபாயை அழுத்திவிட்டார். பின் நம்பர் போட்டாயிற்று, சீட்டு வந்தாயிற்று.

அந்தச் சீட்டு கார்டு பரிவர்த்தனைக்கான சீட்டு மட்டும்தான். என்ன குடித்தோம், என்ன சாப்பிட்டோம் என்று அதில் ஒன்றும் இருக்காது. "பில் எங்கே?" என்று கேட்டேன். சிஸ்டம் மூடிவிட்டது என்றார். ஜெர்மனியில் 2020 ஜனவரி 1 முதல், எலக்ட்ரானிக் கல்லாப்பெட்டி வைத்திருப்பவர் ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது கொடுத்தே ஆக வேண்டும். இதைச் சொன்னதும் உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து பில்லோடு வந்தார்.

பில்லில் இருபது பைன்ட் இருந்தது, அதாவது நாங்கள் குடிக்காத ஒரு ரவுண்டு முழுசாக. பைன்ட் விலை 6.80 இல்லை, 7.50. அப்புறம் "சர்வீஸ்" என்று பத்து சதவீதம், 19.20. அதற்கும் கீழே "கார்டு கட்டணம்" என்று இரண்டு சதவீதம், 4.22. எல்லாம் கூட்டினால் 215.42.

இந்த ஒவ்வொரு வரிக்கும் இங்கே சட்டம் இருக்கிறது. தெரிந்தால் அங்கேயே வாய் திறந்து பேசலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சர்வீஸ். லண்டனில் பழகியவர்கள் பில்லில் சர்வீஸ் சார்ஜைப் பார்த்தால் கேள்வி கேட்க மாட்டார்கள். ஜெர்மனியில் அப்படி இல்லை. விலைகளை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு இங்கே தனி விதிமுறை உண்டு. அதன்படி ஹோட்டல், பார் எதுவானாலும், பட்டியலில் போடும் விலைக்குள்ளேயே பரிமாறும் கூலியும் மற்ற எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். பலகையில் 6.80 என்றால் கடைசியில் கொடுப்பதும் 6.80தான். டிப்ஸ் தனி, அது நாம் மனமுவந்து கொடுப்பது. ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை கொடுப்பது இங்கே வழக்கம். அவர்களாக பில்லில் அச்சடித்துக் கட்டாயமாக வாங்கக் கூடாது.

கார்டு கட்டணம் இன்னும் மோசம். 2018 ஜனவரி 13 முதல், நம் வங்கி கொடுக்கும் சாதாரண டெபிட் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் கடைக்காரர் தனியாகக் கட்டணம் போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை வந்துவிட்டது. கார்டு வாங்க மாட்டோம் என்று சொல்லலாம், பல சின்ன பார்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கே நடந்தது அதுவும் இல்லை. மச்சானின் கார்டு இந்திய வங்கியுடையது, அந்தத் தடை அதற்குப் பொருந்தாது என்று மேனேஜர் வாதாடினார். அப்படியே இருந்தாலும் அந்தக் கட்டணத்தை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லையே? விலைக்குள் எல்லாமே அடங்கியிருக்க வேண்டும் என்ற விதி அங்கேயும் வந்து நிற்கும்.

அடுத்து அந்த 7.50. மேட்ச் நாள் விலை என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். வாசலுக்குப் பக்கத்திலும் விலைப்பட்டியல் மாட்டியிருக்க வேண்டும். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் 6.80தான். இரண்டு பலகையையும் அப்போதே போட்டோ எடுத்துக்கொண்டேன். புகாரில் இப்போது எனக்குக் கைகொடுப்பது அந்த இரண்டு போட்டோதான்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பைன்ட் என்பது 568 மில்லி. அமெரிக்க பைன்ட் 473தான். ஜெர்மன் பார்களில் பெரும்பாலும் அரை லிட்டர், 0.4, 0.3, கொலோனில் 0.2. வெறும் "பைன்ட்" என்று எழுதிவிட்டு மில்லி கணக்கை எழுதாவிட்டால், எந்த கிளாஸிலும் ஊற்றித் தரலாம். இங்கே பாரில் ஊற்றிக் கொடுக்கும் பீர் கிளாஸில் அளவுக் கோடு கட்டாயம். விளிம்புக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று, பக்கத்தில் "0,5 லி" மாதிரி ஓர் எண். பீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேலேதான். குறைந்தால் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எங்கள் மேஜையில் இருந்த கிளாஸ்களை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கோடும் இல்லை, எண்ணும் இல்லை, அடிப்பாகம் மட்டும் இரண்டு விரல் கனத்துக்குக் கண்ணாடி. எத்தனை மில்லி குடித்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இனி ரூபாய் விஷயம். வெளிநாட்டு கார்டைப் போட்டால், கடையின் மெஷினே அந்த நாட்டுப் பணத்தில் கணக்குப் போட்டுக் காட்டும். பார்க்க வசதி போலத் தோன்றும். அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது மெஷினின் பின்னால் இருக்கும் நிறுவனம். அதில் அவர்கள் பங்கு சேர்ந்திருக்கும், பல நேரம் கடைக்காரருக்கும் ஒரு பங்கு போகும். அதனால்தான் வெயிட்டரின் விரல் அவ்வளவு வேகமாகப் போகிறது. எந்தப் பணத்தில் கொடுப்பது என்பதைக் கார்டு வைத்திருப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும்கூட. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: மெஷினைத் தன் கையில் வாங்கி, யூரோவைத் தானே அழுத்த வேண்டும். யூரோ கணக்கில் இருக்கும் நம் ஜெர்மன் கார்டுக்கு இங்கே இந்தத் தொல்லையே வராது. விருந்தாளிகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேனேஜர் வந்து, கூடுதல் ரவுண்டு "பக்கத்து மேஜையுடையது, தவறுதலாகச் சேர்ந்துவிட்டது" என்று 37.50 யூரோவைப் பணமாகத் திருப்பிக் கொடுத்தார். மற்றதெல்லாம் ஹவுஸ் பாலிசி என்றார். அதைச் சொல்லும்போது சிரித்த முகமாக, நண்பரைப் போலத் தோளில் கை வைத்துச் சொன்னார். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. மச்சான் நம் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர். ஆசையாகப் பணம் கொடுக்க முன்வந்த மனிதர், திரும்பும்போது டிராமில் ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, உள்ளூர் பார் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். ப்ரௌஹவுஸ் எனப்படும் கொலோனின் பழைய பீர் விடுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் சொந்த பீரான கோல்ஷ், 0.2 லிட்டர் ஒல்லி கிளாஸில் வரும், கோடு தெளிவாக இருக்கும். கோபெஸ் என்று அழைக்கப்படும் பரிமாறுபவர், துளை போட்ட வட்டத் தட்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு சுற்றி வருவார். உங்கள் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். போதும் என்றால் அட்டையை எடுத்து கிளாஸின் மேல் மூடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வழக்கம் தெரியாத புதியவர்கள் "கேட்காத பீரைத் தலையில் கட்டுகிறார்கள்" என்று கோபப்பட்டு, மறுபடியும் ஐரிஷ் பப்புக்கே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கணக்கு எந்த நேரமும் உங்கள் கண் முன்னால், உங்கள் மேஜையில், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எத்தனை கோடு, ஒன்றின் விலை என்ன, முடிந்தது. அந்த அட்டையை ஜெர்மன் சட்டம் ஆவணமாகவே பார்க்கிறது. கோட்டை அழித்தாலோ கூட்டினாலோ அது ஆவண மோசடி. கோபெஸ் சிரிக்க மாட்டார், கடுகடுவென்றுதான் பேசுவார், தண்ணீர் கேட்டால் ஒரு குத்தல் பேச்சு வரும். அந்த ஊர் வழக்கம் அப்படி. நான் அவரை நம்புகிறேன்.

உள்ளூர் இடங்களிலும் பார்த்துக்கொள்ள வேண்டியது உண்டு. அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், நடுவில் யாரும் மாற்றிவிடாமல் உங்கள் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனை பார்களில் பல இடங்களில் ரொக்கம்தான், கையில் பணத்தோடு போங்கள். வழக்கமாக வருபவர்களுக்கென்று ஒரு மேஜை இருக்கும், பெரும்பாலும் பலகை வைத்திருப்பார்கள், அதில் உட்கார வேண்டாம். ஹாம்பர்க் நகரின் கேளிக்கைத் தெருவான ரீப்பர்பான் பக்கம் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் பார்கள் தனி ரகம். சின்ன பாட்டில் ஷாம்பெயினுக்கு நூற்றுக்கணக்கில் பில் போடும் ஏமாற்று அங்கே பல காலமாகப் பேர் போனது. ஆள் பிடிக்கிற இடம் எதுவானாலும் உள்ளே போகாதீர்கள்.

எங்கள் புகாரை இரண்டாகப் பிரித்து அனுப்பியிருக்கிறேன். சர்வீஸ், கார்டு கட்டணம், பலகை விலை மூன்றும் நகரத்தின் ஒழுங்குமுறை அலுவலகமான ஓர்ட்னுங்ஸ்அம்டுக்கு. கோடு இல்லாத கிளாஸ், அளவைகளைச் சோதிக்கும் ஐஹ்அம்டுக்கு. பில், கார்டு சீட்டு, இரண்டு பலகை போட்டோ, கிளாஸின் போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன். ரூபாய் மாற்றத்துக்கு மச்சான் தன் வங்கியில் தகராறு மனு கொடுத்திருக்கிறார். தேர்வு தன்னிடம் கேட்கப்படவில்லை என்று அதில் எழுதச் சொன்னேன், மெஷினை அழுத்தியது வெயிட்டர் என்பதற்கு நாங்கள் நான்கு பேர் சாட்சி.

இதே மாதிரி பில் உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தேதியோடு எடுத்து வைத்து அதே இரண்டு அலுவலகத்துக்கும் எழுதுங்கள், ஜெர்மனில் எழுதித் தர ஆள் வேண்டும் என்றால் எனக்குச் சொல்லுங்கள். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.