ஒரு வயது தாண்டிய நாய்க்குட்டி: வாங்கியவற்றில் எது நின்றது, எது மூலைக்குப் போனது

மணி ஒரு கருப்பு லாப்ரடார். எட்டு வாரக் குட்டியாக வந்தான், இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. குட்டி வளர்க்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்னென்ன வாங்கணும்?" என்றுதான். இத்தனை மாதம் புழங்கிய பிறகு அதற்கு என் பதில்: முதலில் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

காலையில் மணியின் அன்றைய உணவு முழுவதையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். கிண்ணத்துக்குப் போவது அதில் ஒரு பங்குதான். மீதி என் இடுப்புப் பையில். "உட்கார்", "வா", "விடு" பழக்குவதற்கும், நகம் வெட்டுவதற்கும், பிரஷ் போடுவதற்கும் கூலி அந்தப் பையிலிருந்துதான் போகும். சாப்பாடு, பயிற்சி, பராமரிப்பு மூன்றையும் நான் தனித்தனி வேலையாகப் பார்க்கவில்லை. காலைத் தொட்டால் சாப்பாடு வரும், காதைத் தூக்கிப் பார்த்தால் சாப்பாடு வரும் என்று ஒரு குட்டிக்குப் புரிந்துவிட்டால் பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கடையில் விற்கும் டிரீட் பாக்கெட்டுகளை நாங்கள் அநேகமாக நிறுத்திவிட்டோம். ஒரு நாளின் கலோரியில் பத்து சதவீதத்துக்கு மேல் டிரீட்டாகப் போகக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பயிற்சி நடக்கும் வீட்டில் அந்தப் பத்து சதவீதம் காலையிலேயே தீர்ந்துவிடும். லாப்ரடார் சீக்கிரம் எடை போடும் இனம் வேறு. 48 லாப்ரடார் நாய்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. தன் ஜோடி நாயைவிட கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அவன் பார்க்கும் பார்வைக்கு இரங்கி இன்னொரு கைப்பிடி போட எனக்கு மனம் வருவதில்லை.

பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. விலாவைத் தடவிப் பாருங்கள். புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படித் தட்டுப்பட்டால் சரி. மடக்கிய கைமுட்டியின் விரல் கணுக்கள் மாதிரி துருத்தினால் இளைப்பு, உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கூடுதல். வாரம் ஒருமுறை இப்படிப் பார்த்துத்தான் தராசில் கிராமைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறேன்.

முதல் மாதத்தில் நாளுக்கு நான்கு வேளை, பிறகு மூன்று, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு. வந்த புதிதில் முன்பு சாப்பிட்ட அதே உணவைத்தான் கொடுத்தோம். புதியதற்கு மாறும்போது கால் பங்கு, அரை, முக்கால் என்று ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் வயிறு கெடாது. பெரிய இனக் குட்டி என்றால் அதற்கென்றே தயாரித்த உணவாகப் பார்த்து வாங்குங்கள். கால்சியம் மாத்திரை, பொடி எதையும் நீங்களாகச் சேர்க்கவே வேண்டாம். மிஞ்சிய கால்சியத்தைக் குட்டியின் குடல் தடுத்து நிறுத்தாது, வளரும் எலும்பும் மூட்டும்தான் கெடும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சைலிடால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டி) சேர்த்த இனிப்புகள், வேகவைத்த எலும்பு ஆகியவை வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அள்ளி விழுங்கும் நாய்க்கு மேடுபள்ளம் வைத்த கிண்ணம் உண்மையிலேயே உதவுகிறது. மணி நொடியில் காலிசெய்ததை இப்போது நிதானமாகத் தேடித் தேடித் தின்கிறான்.

நகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் பயந்து விட்டுவிடுவது இதைத்தான். வெள்ளை நகத்தில் உள்ளே ரத்தநாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும். மணிக்கு எல்லாமே கருப்பு நகம், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. அதனால் மெல்லிய சீவலாக எடுத்து, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பார்ப்பேன். முதலில் வறண்ட, சுண்ணாம்பு நிறப் பரப்பு வரும். இன்னும் கொஞ்சம் போனால் நடுவில் ஈரப்பசையோடு ஒரு கரும்புள்ளி தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும், அதற்கு அடுத்தது ரத்தம். நகம் வெட்டும் கட்டர், நகத்தைத் தேய்த்துக் குறைக்கும் கிரைண்டர் இரண்டும் வைத்திருக்கிறேன். கருப்பு நகத்துக்கு என் ஓட்டு கிரைண்டருக்கே. ஆனால் வாங்கிய அன்றே காலில் வைத்தால் அந்த இரைச்சலில் நாய் ஆயுசுக்கும் கிட்டே வராது. முதலில் அவன் சாப்பிடும்போது அறையின் இன்னொரு கோடியில் அதை ஓடவிட்டோம். பிறகு கிட்டே. பிறகு ஓடாத கருவியால் பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு உணவு. கடைசியில் ஒரே ஒரு நகம், அன்றைக்கு அத்தோடு சரி. ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பொடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் சோளமாவை அழுத்திப் பிடிக்கலாம்.

முடிக்கு ரப்பர் பிரஷ் ஒன்றே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. கம்பி பிரஷ் நீள முடி இனங்களுக்கு நல்லது, மணிக்குப் பெரிதாகப் பயனில்லை. உதிர்முடியைச் சீவி எடுக்கும் பிளேடு வகைக் கருவியைக் கொடுத்துவிட்டேன். அளவு மீறினால் நல்ல முடியையும் அறுக்கிறது. இரட்டை அடுக்கு முடி உள்ள நாயை வெயிலுக்காக மொட்டையடிக்க வேண்டாம், அந்த முடிதான் தோலுக்கு வெயில் தடுப்பு. குளியலுக்கு நாய் ஷாம்பூ மட்டும். நம் தோல் அமிலத்தன்மை கூடியது, நாயின் தோல் அப்படியல்ல. காதுக்குள் பட்ஸ் விடாதீர்கள். காதுக்குழாய் எல் வடிவில் வளைவதால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். நம் பற்பசையும் கூடாது.

சிறுநீர்ப் பயிற்சிக்கு விரிக்கும் பேடுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், வெளியே கூட்டிப்போக வழியே இல்லாத வீடுகள் தவிர. மெத்தென்ற பரப்பில் போகலாம் என்று பழகிய குட்டிக்கு கால்மிதியும் பேடுதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப்போவது இதைவிடச் சீக்கிரம் பலிக்கிறது. சிறுநீர்க் கறையையும் வாசத்தையும் சிதைக்கும் என்சைம் கிளீனர் அவசியம். சாதாரணக் கிளீனரில் நமக்கு மறைந்துவிடும் வாசம் குட்டியின் மூக்குக்கு மறைவதில்லை, மறுபடி அதே இடத்துக்கே வரும். ஈரத்தில் மூக்கைத் தேய்க்கும் பழக்கத்தை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அதனால் குட்டி கற்பது ஒன்றே ஒன்றுதான், உங்களுக்குத் தெரியாமல் போவது.

கடியைப் பற்றி எல்லோரும் புலம்புவார்கள். 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்க ஆறேழு மாதம் ஆகும். அதுவரை ஈறு ஊறும், கடிக்கத்தான் செய்யும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுப்பது எந்த விலை உயர்ந்த பொம்மையையும்விட நன்றாக வேலை செய்தது. இன்னொன்று, மாலையில் வெறிபிடித்த மாதிரி ஓடிக் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தேவை விளையாட்டல்ல, தூக்கம். நாளில் பெரும்பகுதி நேரம் அவை தூங்க வேண்டும். மணியின் கூண்டு இதற்குத்தான் கைகொடுத்தது. கதவைத் திறந்தே வைத்து, உள்ளேயே சாப்பாடு வைத்துப் பழக்கியதால் களைத்தால் தானாகவே போய்ப் படுத்துக்கொள்வான்.

தடுப்பூசி வரிசை சுமார் 16 வாரத்தில் முடிகிறது. பயமில்லாமல் உலகத்தைப் பழகும் பருவமோ அதற்கும் முன்பே, 14 வாரம் வாக்கில் மூட ஆரம்பித்துவிடும். குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தரையில் விடவும் முடியாது. மார்பில் கட்டும் பையில் வைத்து வண்டிச் சத்தம், குடை, தொப்பி போட்டவர்கள், குழந்தைகள் எல்லாவற்றையும் காட்டினோம். எத்தனை பொருள் வாங்கினாலும் இந்தச் சில வாரங்களை மட்டும் திரும்ப வாங்க முடியாது, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாய் சரியாகச் செய்த நொடியில் "டக்" என்று அழுத்தும் கிளிக்கர் நல்ல கருவிதான், ஆனால் வீட்டில் நான்கு பேருக்கும் அது கையில் இருப்பதில்லை. "சரி" என்ற ஒரே சொல்லுக்கு மாறினோம். சரியாகச் செய்த நொடியிலேயே சொல் வர வேண்டும், உணவு பின்னால் வந்தால் போதும். நீண்டு சுருங்கும் லீஷ் வேண்டாம். இழுத்தால்தான் கயிறு நீளும் என்று அது சொல்லிக்கொடுக்கிறது. சாதாரண லீஷும், தோளை இறுக்காத ஒய் வடிவ ஹார்னஸும் (மார்புப் பட்டை) போதும்.

இன்னும் முடியாத பாடம் ஒன்று இருக்கிறது: தூரத்தில் வேறு நாயைப் பார்த்துவிட்டால் கூப்பிட்டதும் வருவது. வளரிளம் பருவத்தில் இது நழுவுவது வழக்கம் என்பதால் பத்து மீட்டர் கயிறு கட்டித்தான் திறந்த வெளியில் விடுகிறோம். கூப்பிட்டு வந்த ஒவ்வொரு முறையும் கூலி கொடுத்து, உடனே மறுபடி ஓடவிடுகிறேன்.