மொறிஸ் மைனருக்குள் ரொயோட்டா 4கே: வன்னி ரோட்டுக்குச் சரிவருமா?

பழைய மொறிஸ் மைனர் காருக்கு ரொயோட்டா 4கே எஞ்சின் மாற்றப் போனால் கராஜில் முதலில் கேட்பது, "எஞ்சின் எடுத்திட்டியளா அண்ணை?" என்றுதான். "எந்தக் கியர்பொக்ஸ் எடுத்தனீங்கள்?" என்று கேட்கிற கராஜ் கிடைத்தால் விடாதீர்கள். இந்த வேலையில் கொடுத்த காசுக்குப் பயன் தருவது கியர்பொக்ஸ்தான்.

கணக்கைப் பாருங்கள். மைனர் 1000இன் 948 சிசி எஞ்சின் 37 குதிரைவலு, பிந்திய 1098 சிசி 48. ரொயோட்டா 4கே 1290 சிசி, அறுபதை அண்டிய வலு. 1098ஐவிடக் காகிதத்தில் பெரிய பாய்ச்சல் இல்லை. ஆனால் 948 காருக்கு வந்த டிஃபரன்ஷல், அதாவது பின் அச்சின் பற்சக்கர விகிதம், 4.555. அதோடு 145 ஆர் 14 ரேடியல் ரயர் போட்டு, ஏ9 வீதியில் சட்டம் விடுகிற மணிக்கு 70 கிமீயில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 சுற்றுச் சுற்றும். அதே டிஃபரன்ஷலோடு, 4கேயோடு வருகிற ரொயோட்டாவின் ஐந்து கியர் கே50 கியர்பொக்ஸின் ஐந்தாம் கியரில் அது 2,500. ஓமந்தை தாண்டிக் கிளிநொச்சி மட்டும் ஒரே சீராக ஓடும்போது இந்த 400 சுற்றுக் குறைவு காதுக்கும் தெரியும், எஞ்சின் சூட்டிலும் தெரியும். மைனரின் சொந்தக் கியர்பொக்ஸில் முதல் கியருக்குக் கடைசி வரைக்கும் சிங்க்றோ (ஓடும்போதே கியர் உரசாமல் விழ வைக்கிற அமைப்பு) கிடையாது. கே50இல் முன் கியர் ஐந்துக்கும் உண்டு. கிடங்கும் மேடுமான கிரவல் ரோட்டில், காரை நிறுத்தாமலே முதல் கியருக்கு இறக்கலாம் என்பது சின்ன விசயம் இல்லை.

சொந்த எஞ்சினையே திருத்தி ஓடலாமே என்றால், நல்ல புளொக் இருந்தால் ஓடலாம். இங்கே அகப்படுகிற கன புளொக்குகள் யுத்தத்தில் பெற்றோல் வராத தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினவை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த ஓயிலைக் கழுவி, கீழே இறங்கி சம்ப் (அடித் தொட்டி) ஓயிலையும் தண்ணியாக்கிவிடும். ரிங், பெயாரிங் இரண்டும் ஒன்றாகப் போகும். அப்படிப்பட்ட புளொக்கின் சிலிண்டரைக் கடைசி அளவு வரைக்கும் கடைந்து, போர் அடித்து முடித்திருப்பார்கள். போதாததற்கு 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்ற பிறகு, பழைய இரும்பு ஹெட்டில் எக்சோஸ்ற் வால்வு இருக்கை மெதுமெதுவாகத் தேய்கிறது. சிலிண்டருக்குள் ஸ்லீவும் (புது உள்குழாய்) போட்டு, கடின இருக்கையும் வைத்து, கிராங்கும் கடைந்து எடுக்கிற செலவு, ஒரு நல்ல 4கே செற்றின் (எஞ்சினும் கியர்பொக்ஸும்) விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

ஏன் 4கே? 1486 சிசி 5கே இன்னும் இழுக்கும், உண்மை. அந்த இழுவையை மைனரின் பின் அச்சுத் தாங்காது. மணலில் புதைந்த காரைக் கிளச்சைப் பட்டென்று விட்டு எடுக்கப் பார்த்தால் பின் சில்லைச் சுற்றுகிற ஹாஃப் சாஃப்ட் முறியும். ரொயோட்டாவின் 2சி டீசல் எஞ்சின் 1974 சிசி. முன்பாரம் கூடி, முன் ரோர்ஷன் பாரைத் (சுருளுக்குப் பதிலாக முறுகித் தாங்குகிற கம்பி) திருகித் தூக்கி, பிறேக்கையும் அச்சையும் மாற்றி முடிக்கும்போது அது மைனராக இராது. மைனர் எஞ்சினின் சொந்தக்கார ஒஸ்ரின் வம்சத்து 1275 சிசி எஞ்சின் கிடைத்தால் பூட்டச் சுகம், ஆனால் கிடைத்தால்தானே. 4கேயின் சாமான், தண்ணிப் பம்பில் இருந்து கிளச் பிளேற் வரைக்கும், வவுனியாவிலேயே கேட்டு எடுக்கலாம். இல்லாததை கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் இருந்து லொறியில் போட்டுவிடச் சொல்லலாம்.

செற் எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. லைற் ஏஸ், ரவுண் ஏஸ் வான்களிலும் இதே கே எஞ்சின்தான். அந்த வான்களில் சாரதி எஞ்சினுக்கு மேலே இருப்பதால் கியர் லீவர் முன்னுக்கு, கம்பித் தொடுப்பில் வேலை செய்யும். அந்தக் கியர்பொக்ஸை மைனருக்குள் வைத்தால் லீவர் வர இடமில்லை. கொரோலா டீஎக்ஸ் வேகனிலோ கேபீ61 ஸ்ராலெற்றிலோ கழட்டின, லீவர் நேரே மேலே நிற்கிற கே50 எடுங்கள். நாலு கியர் கே40தான் இருக்கிறது, மலிவு என்று சொன்னால் வேண்டாம். ஐந்தாம் கியர் இல்லாமல் இந்த வேலைக்கே அர்த்தமில்லை.

எஞ்சினைக் கொம்பிறஷன் (சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம்) பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிளக் நாலையும் கழட்டி, துரொட்டிலை முழுக்கத் திறந்து, நல்ல பற்றரியில் சுற்றினால் நாலும் 150 பீஎஸ்ஐக்கு மேலே நிற்பது திருப்தி. 128க்குக் கீழே இறங்கினாலோ, ஒன்றுக்கும் மற்றதுக்கும் 14க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ விட்டுவிடுங்கள். ஸ்ராட் பண்ணின உடனே முன்பக்கம் கரகரத்து, பிறகு அடங்கினால் ரைமிங் செயினும் ரென்சனரும் தேய்ந்தவை. விலை பேச அது காரணம், வாங்காமல் விடக் காரணம் இல்லை. எஞ்சின் வெளியே நிலத்தில் இருக்கும்போதே பின் கிராங் சீல், புளொக்கின் தகட்டு அடைப்புகள், கிளச் பிளேற், றிலீஸ் பெயாரிங், தண்ணிப் பம்ப் எல்லாம் மாற்றிவிட வேண்டும். பூட்டின பிறகு பின் சீல் ஒழுகினால் கியர்பொக்ஸைத் திரும்ப இறக்க வேண்டும்.

இனிப் பூட்டுகிற வேலை. கராஜின் தரம் தெரிவது இங்கேதான். மைனரின் எஞ்சின் முன் தகட்டின் இரு காதுகளில் தொங்கும். 4கே புளொக்கின் நடுப் பக்கங்களில் தாங்கும். ஆகவே சசிக் காலில் புதுத் தாங்கி செய்ய வேண்டும். 5 மிமீ தகட்டுக்குக் குறையக் கூடாது. தாங்கியை மெல்லிய பெட்டிச் சட்டத்தில் நேரே ஒட்டாமல், முதலில் ஒரு அகன்ற தகடு ஒட்டி அதன்மேல் ஒட்ட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஒட்டுக் கிடக்கும், சட்டம் கிழியும். றப்பர் கொரோலாவினுடையது போதும். இன்னொன்று, கே எஞ்சின் கொரோலாவில் சற்றுச் சரிந்துதான் நிற்கும். அதை நிமிர்த்தி வைத்தால் காபுரேற்றரின் மிதவைக் கிண்ணம் சாயும், பெற்றோல் மட்டம் பிழைக்கும், வளைவில் வாந்தி எடுக்கும். காபுரேற்றர் இருக்கிற மனிபோல்ட் தட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தாங்கியை ஒட்ட வேண்டும். போனற்றைத் திறந்ததும் இதைப் பாருங்கள். வேலை தெரிந்தவன் செய்ததா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மைனரின் ஸ்ரியரிங் றாக் எஞ்சினுக்குப் பின்னால், பின்சுவரோடு குறுக்கே கிடக்கும். கிளச்சை மூடுகிற பெல் ஹவுசிங் அதில் முட்டக் கூடாது என்று எஞ்சினை முன்னுக்குத் தள்ளினால் விசிறி றேடியேற்றரில் முட்டும். இரண்டுக்கும் இடையில் பங்கிடுவதுதான் வேலை. பின்னால் 20 மிமீ, ஸ்ரியரிங் தண்டுப் பக்கம் 25 மிமீ இடைவெளி வையுங்கள். எஞ்சின் நிற்கும்போது முட்டாதது, கிளச் விடும்போது உதறி முட்டும்.

கே50 மைனர் கியர்பொக்ஸைவிட நீளம். அதன் வால் போகிற வழியில் ரோர்ஷன் பார்களின் பின்முனையைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் வரும். அதை வெட்டி இடம் எடுப்பது எல்லாரும் செய்வதுதான். வெட்டின இடத்தைக் கீழால் சுற்றித் தகடு கொடுத்து இணைக்காமல் விடுவதுதான் கொலைவேலை. முன் சஸ்பென்சனின் முறுக்கு முழுவதையும் அந்தச் சட்டம்தான் பிடிக்கிறது. வெட்ட முதல் ரோர்ஷன் பாரைத் தளர்த்தியிருக்க வேண்டும், இணைக்கிற தகடு அளவெடுத்துக் கையில் இருக்க வேண்டும். இதைக் கராஜில் நேரே கேளுங்கள். பதில் இழுபட்டால் வேறு கராஜ் பாருங்கள்.

கியர்பொக்ஸில் இருந்து பின் அச்சுக்குப் போகிற புறொப் சாஃப்டுக்கு முன்னால் கே50இன் யோக் (கவை மூட்டு), பின்னால் மைனரின் ஃபிளாஞ்ச் (பூட்டுத் தட்டு). கார் நிலத்தில் தன் பாரத்தில் நிற்கும்போது அளவெடுத்து, யோக் முழுக்க உள்ளே போன இடத்தில் இருந்து 20 முதல் 25 மிமீ வெளியே நிற்கும்படி வெட்ட வேண்டும். லேத்காரர் ஒட்டும்போது இரு பக்க யோக்கும் ஒரே நேரில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கொஞ்சம் திரும்பியிருந்தால் 60இல் ஒரு நடுக்கம் தொடங்கும்; அதை ரயர் என்று நினைத்து வீல் பலன்ஸ் பண்ணிப் பண்ணி அலைவார்கள். கியர்பொக்ஸ் தண்டும் டிஃபரன்ஷல் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும், வித்தியாசம் 1 பாகைக்குள்.

கிளச்சுக்கு மைனரின் பழைய கம்பித் தொடுப்பு எட்டாது. கேபிளும் வேலை செய்யும். எக்சோஸ்ற்றுக்குக் கிட்டப் போனால் உள்ளுறை உருகி இறுகும். ஓயில் அழுத்தத்தில் வேலை செய்கிற சின்ன மாஸ்ரர் சிலிண்டரும் ஸ்லேவ் சிலிண்டரும் வைப்பது நல்லது.

குளிர்விப்பு விசயத்தில் வன்னி வெயிலோடு விளையாட முடியாது. 4கேயின் ஹெட் அலுமினியம். ஒருக்காக் கொதித்தால் வளையும். மைனரின் றேடியேற்றர் மூடி 7 பீஎஸ்ஐ, ரொயோட்டா மூடி ஏறக்குறைய 13. ஏழில் தண்ணி 111 பாகை மட்டும் கொதியாமல் நிற்கும், பதின்மூன்றில் 119. இதைப் படித்துவிட்டுப் பழைய றேடியேற்றரில் 13 மூடி போடாதீர்கள், மேல் தொட்டி ஒட்டு விரியும். மேல் கீழ் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவில் புது மூன்று வரிசைக் கோர் போட்டு, ஒட்டுகளைப் புதுப்பித்த பிறகுதான் 13. ஏ9இல் 70இல் ஓடும்போது காற்றே போதும். சோதனை வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற சனத்துக்குள் முதல் கியரில் ஊரும்போது வரும். அதற்கு 90 பாகையை அண்டித் தானாக ஓடுகிற மின்விசிறியும், காற்று பக்கத்தால் ஒழுகாமல் சுற்றிவர ஒரு தகட்டுக் கூடும் வேண்டும். தேர்மோஸ்ராற்றைக் கழட்டி எறியச் சொல்பவரை நம்பாதீர்கள். கொதிக்கிற எஞ்சின் அதால் திருந்தாது, காலையில் மட்டும் குளிர்ந்து ஓடி ஓயில் கெடும். கிணற்றுத் தண்ணி ஊற்ற வேண்டாம், சுண்ணாம்பு புதுக் கோரை அடைக்கும். மைனர் 1000இல் வெப்பமானி இல்லை. ஒன்று வாங்கிப் பூட்டுங்கள், இந்த வேலையில் ஆக மலிவான சாமான் அதுதான்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்தால் கார் ஸ்ராட் எடுக்கவில்லை என்ற முறைப்பாடு இந்த மாற்றத்தில் அடிக்கடி வரும். ஓடி நின்ற சூட்டில் எக்சோஸ்ற்றுக்கு மேலே இருக்கிற காபுரேற்றரில் பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது. காபுரேற்றருக்கு அடியில் ஒரு அலுமினியத் தடுப்புத் தகடு, தடித்த இன்சுலேற்றர், பெற்றோல் குழாயை எக்சோஸ்ற்றில் இருந்து கை அகலம் தள்ளிக் கொண்டுபோவது. இவ்வளவும் செய்தால் தீரும்.

வயரிங் சுருக்கமாக: மைனர், பற்றரியின் நேர் முனையைக் காரின் பொடியில் (உடலில்) பூட்டி வந்த கார், 4கேயின் ஓல்டனேற்றருக்கு எதிர் முனைதான் பொடிக்குப் போக வேண்டும். மாற்றாமல் பூட்டினால் டயோட் அந்தக் கணமே போகும். டைனமோவுக்கு வந்த வயர் 22 அம்பியருக்குத்தான், ஓல்டனேற்றரில் இருந்து 6 சதுர மிமீ வயர் தனியாக இழுங்கள். மைனரின் எஸ்யூ மின் பெற்றோல் பம்பை விலக்கி 4கேயின் சொந்தப் பம்பையே விடுங்கள். இரண்டும் சேர்ந்து தள்ளினால் காபுரேற்றர் ஊசி தாங்காது.

பிறேக் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. 948 காரின் முன் டிறம் 7 அங்குலம், 1098இல் 8. இந்த மாற்றத்துக்கு எட்டங்குலம் கட்டாயம். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சசிச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். மாரி வெள்ளத்தில் நனைந்து துருப்பிடித்திருக்கும். முழு பிறேக்குக்கும் ஒரே லைன், அது போனால் கைபிறேக் மட்டும்தான். எஞ்சினை இறக்க முதலே அதைக் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்திரம் இன்னொரு தலையிடி. எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். எஞ்சின் விற்றவரின் பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கம் எழுதியிருக்கிறதா என்று காசு கொடுக்க முதல் பாருங்கள். இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியும் கேளுங்கள். காப்புறுதிக்கும் அறிவிக்காவிட்டால் விபத்து நடந்த அன்றைக்குத்தான் விளங்கும்.

பெற்றோல் மிச்சம் பிடிக்க என்று இதைச் செய்யாதீர்கள், பெரிய வித்தியாசம் வராது. நல்ல 1098 எஞ்சினும் 4.22 டிஃபரன்ஷலும் உள்ள காரைத் தொடவே வேண்டாம். 948 புளொக் முடிந்து, பொடியும் சசியும் துருவில்லாமல் நிற்கிற காருக்கு இதைவிட நல்ல மாற்றம் இங்கே இல்லை. கூலி பேசும்போது முதல் 1,000 கிலோமீற்றர் ஓடி முடிந்ததும் ஹெட் போல்ட்டும் தாங்கி நட்டுகளும் திரும்ப இறுக்கி, வால்வை எஞ்சின் சூட்டில் இன்லெற் 0.20, எக்சோஸ்ற் 0.30 மிமீ வைத்துத் தருவதையும் அதற்குள் சேர்த்துப் பேசுங்கள்.