குட்டை ஆஸ்டர் தொட்டிச்செடி: மலைத் தோட்டத்துக்கு வாங்கலாமா?

மே மாத மலர்க் கண்காட்சியோடு மலைத் தோட்டங்களின் பெரிய பூக்காலம் முடிந்துவிடுகிறது. ஜூன் பிறந்ததும் மழை. செப்டம்பரில் இரண்டாம் சீசனுக்கு ஊட்டி மறுபடி நிரம்பும்போது வீட்டுத் தோட்டத்தில் டேலியா சாய்ந்து கிடக்கும், பிட்டூனியா அழுகியிருக்கும். அந்த வெற்றிடத்தில் ஓர் அடி உயரத்துக்குள் நின்று, இலை தெரியாமல் பூத்து மூடும் செடி குட்டை ஆஸ்டர். நர்சரிகளில் நாலு அங்குல, ஆறு அங்குலத் தொட்டிகளில் ஊதா, ரோஸ், வெள்ளை என்று நிறம் சொல்லியே இதை விற்பார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காலை வெயில் நன்றாக விழுந்து, மண் ஈரம் காயாத இடம் உங்களிடம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். வெயில் இல்லை என்றால் வேண்டாம். ஈரம் இல்லாமல் வெயில் மட்டும் இருந்தால், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ எடுத்துப்போக ஒருபோதும் வாங்காதீர்கள். பூவோடு பஸ் ஏறும் செடி, சமவெளி வெப்பத்தில் அடுத்த பூவைக் காட்டாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பூக்கடையில் மாலைக்கும் பொக்கேவுக்கும் வரும் ஆஸ்டர் வேறு செடி. அது சைனா ஆஸ்டர். விதை போட்டு, ஒரு முறை பூத்து, காய்ந்துபோகும் ஓராண்டுச் செடி. நாம் பேசுவது பல்லாண்டுச் செடி. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஈரமான புல்வெளிகளிலும் நீரோரங்களிலும் தானாக வளர்வது. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு ஆஸ்டர் நோவி-பெல்ஜி என்று பெயர் வைத்தார். இன்றைய நியூயார்க் பகுதியில் அதற்கு முந்தைய நூற்றாண்டில் இருந்த டச்சுக் குடியேற்றத்தைக் குறிக்கும் பெயர் அது. இப்போது தாவரவியலார் ஆஸ்டர் பேரினத்தைப் பிரித்து, இதை சிம்பியோட்ரைக்கம் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். மிக்கேல்மாஸ் டெய்சி என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். அதிதூதர் மிக்கேல் திருநாளான செப்டம்பர் 29-ஐ ஒட்டிப் பூப்பதால் அப்படி அழைத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தேதியை ஒட்டித்தான் பூ உச்சத்துக்கு வருகிறது.

கடையில் இரண்டையும் பிரித்தறிவது எளிது. சைனா ஆஸ்டரின் இலை அகலமாக, ஓரம் கரடுமுரடாகப் பல் வெட்டியிருக்கும். ஒரே தண்டு மண்ணிலிருந்து எழும்பி மேலே கிளைக்கும். பல்லாண்டு ஆஸ்டரின் இலை ஈட்டி போல ஒடுங்கி வழவழப்பாக இருக்கும். இலையின் அடிப்பகுதி தண்டைப் பாதி அணைத்துப் பிடித்திருக்கும். தொட்டி மண்ணை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். தாய்த் தண்டைச் சுற்றி இளஞ்சிவப்பான தூர்முளைகள் மூன்று நாலாவது தெரிய வேண்டும். அவை இல்லாத செடியில் எத்தனை பூ இருந்தாலும் அடுத்த வருடத்துக்கு நம்ப முடியாது.

பெயர் அட்டையோடு கிடைத்தால் மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள். 'புரொபசர் அன்டன் கிப்பன்பெர்க்' நீலம் கலந்த ஊதா, நடுவில் மஞ்சள், சுமார் 35 செ.மீ. உயரம். 'லேடி இன் புளூ' அதைவிடச் சற்றுக் குட்டை. 'ஜென்னி' செவ்வூதா நிறத்தில் அடுக்குப் பூ. பார்க்க ஜென்னிதான் அழகு. ஆனால் கொடைக்கானல்காரர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அங்கே அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை சரியாகப் பூக்காலத்தில் வந்து இறங்கும். அடுக்குப் பூ தண்ணீரைத் தேக்கிக்கொண்டு தலை தொங்கி, நாலே நாளில் சாம்பல் நிறப் பூசணம் பிடிக்கும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கும் கோத்தகிரிப் பக்கத்துக்கும் இதழ் அடுக்கு குறைந்த பூவே சரி. மழையில் நனைந்தாலும் ஒரு மணி நேர வெயிலில் அது காய்ந்து நிமிர்ந்துவிடும்.

அட்டையில் எழுதிய உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது குளிர்நாட்டுக் கணக்கு. இந்தச் செடி நீண்ட பகலில் தண்டை நீட்டும், பகல் குறுகும்போது மொட்டு வைக்கும். இங்கிலாந்தில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும். நீலகிரியில் வருடத்தின் மிக நீண்ட பகல்கூட பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. அதனால் இங்கே செடி இன்னும் குட்டையாக நின்று, சில வருடம் ஆகஸ்டிலேயே மொட்டு காட்டும். பாத்தி ஓரத்துக்கும் தொட்டிக்கும் அது நல்லதே. ஜாடியில் வைக்க நீளத் தண்டு எதிர்பார்த்து வாங்குபவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

இனி இடம். மலையில் வெயில் என்றால் காலை வெயில்தான். பிற்பகலை நம்ப முடியாது, மஞ்சு இறங்கிவிடும். கிழக்கு அல்லது தென்கிழக்குச் சரிவில் ஆறு மணி நேர வெயில் தேடுங்கள். சில்வர் ஓக் நிழலிலோ வீட்டின் வடக்குச் சுவரோரமோ நட்டால் தண்டு வெளிச்சம் தேடி நீண்டு, பூ பாரத்தில் பிளந்து விழும். குட்டை ரகத்துக்கே முட்டுக்குச்சி தேவைப்பட்டால், இடம் தவறு என்று பொருள்.

ஈரம் வேண்டும் என்பதைத் தேங்கிய தண்ணீர் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடும் இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, மாலையில் தண்ணீர் நிரப்பிவிட்டு வாருங்கள். விடிந்த பிறகும் தண்ணீர் நின்றால் பாத்தியை அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். இரவுக்குள் வடிந்து, குழியின் பக்கங்கள் மட்டும் கசகசவென்று இருந்தால் இந்தச் செடிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

நம் மலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது அமிர்தம், ஆஸ்டருக்கு அல்ல. நடுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிடுங்கள். பிறகு நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு கூடை. தொட்டிக்கு என்றால் தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. தொட்டி எட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பச்சைக் கோழி எருவும் யூரியாவும் வேண்டவே வேண்டாம். கேரட் பாத்தியில் மிஞ்சியதைக் கொண்டுவந்து போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தத் தழைச்சத்தில் இலை கொழுத்து மென்மையாகி, சாம்பல் நோயை வரவேற்றுக் காத்திருக்கும்.

நடவுக்கு ஏற்ற காலம் மார்ச், ஏப்ரல். செடிக்குச் செடி ஓர் அடி, தொட்டியில் இருந்த அதே ஆழம். தண்டு புதைய நட்டால் தூர் அழுகும். நட்டதும் இரண்டு அங்குல மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். காய்ந்த புல் போதும். தைலமரச் சருகு சீக்கிரம் மக்காது, இளம் செடிக்கும் ஆகாது. கிகுயூ புல்லை மூடாக்காகப் போடுவதானால் வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே போடுங்கள். ஒரு கணு உயிரோடு இருந்தாலும் பாத்தி முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும்.

செடி நாலைந்து அங்குலம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். குட்டை ரகத்துக்கு ஒரு முறை போதும். அடர்த்தி குறைவாகத் தெரிந்தால் இரண்டாம் முறை. ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு கை வைக்காதீர்கள், கிள்ளுவது மொட்டையே கிள்ளுவதாகிவிடும்.

இந்தச் செடியின் பெரிய குறை சாம்பல் நோய். இலைமேல் மாவு தூவியது போல வெள்ளை படர்ந்து, அடியிலை கருகி, பூக்கும் நேரத்தில் கீழ்ப்பாதி மொட்டையாக நிற்கும். மழை அதிகமானதால் வந்தது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் அடை மழையில் இது அடங்கியிருக்கும். வேர் காய்ந்து, இலையைச் சுற்றிக் காற்று மட்டும் ஈரமாக நின்றால்தான் கிளம்பும். மழை விட்ட செப்டம்பரில், மண் காயத் தொடங்கி, மாலை மஞ்சு மட்டும் இறங்கும் பத்துப் பதினைந்து நாள்தான் ஆபத்தான காலம். மழைக்காலம்தானே என்று அப்போது தண்ணீர் ஊற்றாமல் விடுவதே பலரும் செய்யும் தவறு. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள்; காய்ந்திருந்தால் காலையில் தூரில் ஊற்றுங்கள், இலைமேல் வேண்டாம். முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து இலையின் இரு பக்கமும் படத் தெளியுங்கள். பாதிச் செடி வெளுத்த பிறகு தெளித்துப் பயனில்லை.

இன்னொன்று அரிது, ஆனால் கொடியது. மொட்டு விரியாமல், இதழ் வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்தாக வந்தால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகையின் வேலை. வீட்டு வைத்தியம் எதுவும் பலிக்காது. வேரோடு பிடுங்கி எரியுங்கள், அதிலிருந்து கன்று எடுக்காதீர்கள். கடையில் அப்படி ஒரு செடி கண்ணில் பட்டால், அந்த வரிசையிலேயே எதையும் வாங்காமல் திரும்புவது நல்லது. சில தண்டுகள் மட்டும் அடியிலிருந்து பழுத்து வாடினால் மண்வழி வரும் பூசண வாடல். அதில் தப்பிக்க ஒரு வழி உண்டு. பூசணம் அடித்தண்டில்தான் குடியிருக்கும் என்பதால், வாடாத தண்டின் நுனியை மூன்று அங்குலம் வெட்டி, மணலில் வேர்விடவைத்து, வேறு பாத்தியில் நடலாம்.

இளந்தளிரை நத்தை தின்னும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதே சிறந்த மருந்து. காட்டு மாடு வரும் குன்னூர், கொடைக்கானல் தெருக்களில் வேலியில்லாத பாத்தி எந்தச் செடிக்கும் பாதுகாப்பில்லை.

பூ ஓய்ந்ததும், விதை பஞ்சாகப் பறக்கும் முன்பே தண்டுகளை மண்ணிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஐரோப்பாவின் சில பகுதிகளில் இந்தச் செடி ஆற்றோரங்களில் காடாகப் பரவியிருக்கிறது. யூபடோரியம் என்ற அந்நியக் களை நம் மலைச்சரிவுகளை என்ன செய்திருக்கிறது என்று பார்த்தவர்கள், வெட்டிய கழிவை ஓடையோரத்திலோ சோலை ஓரத்திலோ கொட்ட மாட்டார்கள். டிசம்பர், ஜனவரி உறைபனி மேலே மிஞ்சியதைக் கருக்கும். வேருக்கு ஒன்றும் ஆகாது, கடும் பனிநாட்டுச் செடி இது. பனிக்குப் பயந்து தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவைப்பதுதான் கெடுதல். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை மழையில்லாத நாட்களில் வாரம் இரண்டு முறை, சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கட்டாயம். மேலே ஒன்றுமில்லையே என்று இந்த மாதங்களில் மறந்துவிட்டால் தூர்முளைகள் கருகிப்போகும்.

விலை கூடுதலாகச் சொல்கிறார்களே என்று தயங்குபவர்கள், தூர் பிரிப்பதைக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பிப்ரவரி கடைசியில் தூரைத் தோண்டி எடுங்கள். நடுவில் கட்டையாகிப்போன பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்தில் மூன்று முதல் ஐந்து முளை உள்ள துண்டுகளாகப் பிரித்து நடுங்கள். ஒரு தூரிலிருந்து ஆறு ஏழு செடி வரும். பிரிக்காமல் மூன்று நாலு வருடம் விட்டால் நடுப்பகுதி செத்து, வளையம் போல ஓரத்தில் மட்டும் பூக்கும். ஆகவே நிறத்துக்கு ஒரு தொட்டிக்கு மேல் வாங்க வேண்டாம். செப்டம்பரில் பூத்து நிற்கும்போது கடைக்குப் போய் நிறம் பார்த்துச் சொல்லிவைத்துவிட்டு, வெட்டிவிட்ட தூராகப் பிப்ரவரியில் எடுத்து வாருங்கள்.